லைக்கா கைக்கடிகாரம்: பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) அடுத்த வருடம் எண்பதாம் கல்யாணம். ஃபிலிம் கேமராவிலேயே வாழ்ந்தவர். கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளின் முகப்பையும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவையும் அத்தனை நுணுக்கமாகப் படம் எடுத்தவர். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து லைக்கா கேமரா கம்பெனியின் வாட்ச் ஒன்று வாங்கித் தரலாம் என்று ஆசைப்படுகிறோம்.

2018-ல் எல்1, எல்2 என்று அறிவித்து, இப்போது இசட்எம்1, இசட்எம்2 என்று வரும் ஜோடிதான் மனதில் இருக்கிறது. இரண்டுமே சாவி கொடுக்கும் வாட்ச். நேரம் மாற்ற சாவித் திருகை இழுக்க வேண்டாம். ஷட்டர் பொத்தான் மாதிரி அழுத்தினால் போதும். ஓட்டம் நின்று நொடி முள் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும், முகப்பில் ஒரு சிறு புள்ளி சிவப்பாக மாறும். இந்த ஒன்றுக்காகவே அப்பச்சி சந்தோஷப்படுவார். இசட்எம்11 தானாகச் சாவி ஏறும் வகை, அதனால் அது வேண்டாம்.

தங்கச்சி சிங்கப்பூரில் இருப்பதால் இரண்டு ஊர் நேரம் காட்டும் இசட்எம்2 பக்கம் சாய்கிறேன். ஆனால் நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். அந்த அரை மணியை அதில் சரியாக வைக்க முடிகிறதா? வயதானவர் விரலுக்குத் திருகு கடினமாக இருக்குமா? அப்புறம், சர்வீசுக்குச் சென்னையிலேயே கொடுக்க முடிகிறதா, வெளிநாடு அனுப்ப வேண்டுமா?

கையில் கட்டிப் பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.