பிஎஃப் இறப்புப் பணம்: 'நம்ம சொந்தம்' குழுவில்

சனிக்கிழமை

கவிதா: எல்லாருக்கும் ஒரு கேள்விங்க. கூட வேலை பாக்கற அக்காவோட வீட்டுக்காரர் போன வாரம் மாரடைப்புல தவறிட்டாருங்க. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், வயசு 44. 12 வருச பிஎஃப் இருக்கு. கம்பெனில "ஃபார்ம் கொண்டாங்க, பணம் வந்துரும்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. என்னென்ன பேப்பர் வேணும்னு யாராச்சும் சொல்லுங்க.

பெரியப்பா: பணம்னா ஒண்ணு இல்ல கண்ணு, மூணு. பிஎஃப் இருப்பு, இடிஎல்ஐ (பிஎஃப்போட சேந்த உயிர்க்காப்பீடு), மாசாமாசம் விதவை பென்சன். இருப்புக்கு ஃபார்ம் 20, காப்பீட்டுக்கு 5 ஐஎஃப், பென்சனுக்கு 10டி. இப்ப மூணையும் சேத்து இறப்புக்குன்னே ஒரே கூட்டுப் படிவம் இருக்குது. அதுல மூணுக்கும் குறி போட்டாங்களான்னு பாருங்க. முதல் ஒண்ணுக்கு மட்டும் போட்டுக் குடுத்தா இருப்பு மட்டும்தான் வரும். "பிஎஃப் வாங்கியாச்சு"ன்னு உக்காந்துட்டு காப்பீட்டையும் பென்சனையும் கேக்காமயே விட்ட குடும்பம் எத்தனையோ இருக்குது.

தேன்மொழி அக்கா: படிவத்துக்கு முன்னாடி கம்பெனி செய்யற வேலை ஒண்ணு இருக்கு கவிதா. அவங்க போர்ட்டல்ல அவரோட விலகல் தேதியைப் போடோணும், காரணமும் போடோணும். காரணம் "பணியில் இருக்கும்போது இறப்பு"ன்னு இருக்கோணும். அவசரத்துல வழக்கமான பணி விலகல்னு போட்டுட்டா காப்பீடும் பென்சனும் அங்கயே நின்னுரும், திருத்தறதுக்கு மறுபடி கம்பெனி லெட்டர், பிஎஃப் ஆபீஸ்னு அலையோணும். விலகல் தேதியும் இறப்புச் சான்றிதழ்ல இருக்கற தேதியும் ஒண்ணா இருக்கோணும். கடைசி மாசம் வேலை செஞ்ச நாளுக்கு உண்டான சந்தாவையும் கட்டச் சொல்லுங்க. இன்னும் ஏத்தலைன்னா இப்பவே ஒரு போன் பண்ணச் சொல்லு.

மகேஷ்: அவரு யுஏஎன் (பிஎஃப் பொதுக் கணக்கு எண்) பாஸ்வேர்டு தெரியும்னா, போனும் வீட்லதான் இருக்கும், ஓடிபி வந்துரும். ஆன்லைன்ல எடுத்துட்டா ஒரு வாரத்துல முடிஞ்சுதே?

பெரியப்பா: அந்த வேலையே வேண்டாம் மகேஷு. 🙏 இறந்தவர் பேர்ல லாகின் பண்ணி ஃபார்ம் 19, 10சி போடறது ஆள்மாறாட்டம். அதோட அது "வேலையை விட்டுட்டேன், கணக்கை முடிச்சுக் குடுங்க"ன்னு உறுப்பினரே கேக்கற படிவம். அப்படி முடிச்சுட்டு, அப்புறம் அதே ஆள் இறந்துட்டாருன்னு பென்சன் கேட்டுப் போனா முதல்ல எடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. சிம்மை மட்டும் பத்திரமா வெச்சிருக்கட்டும், பேங்க், ஆதார் மெசேஜ் ஏதாச்சும் வரும்.

மகேஷ்: சரிங்க பெரியப்பா 🤐

தேன்மொழி அக்கா: கவிதா, அவரு இ-நாமினேசன் போட்டிருந்தாரா, அதான் தனக்கப்புறம் பணம் யாருக்குன்னு ஆன்லைன்ல பேர் குடுக்கறது? அதுதான் பாதையைப் பிரிக்கிற இடம்.

கவிதா: அந்தக்காவுக்குத் தெரியலைங்க. எப்படிப் பாக்கறது?

தேன்மொழி அக்கா: பிஎஃப் மெம்பர் போர்ட்டல்ல லாகின் பண்ணாமயே, பயனாளி இறப்புக் கோரிக்கை போடறதுக்கு ஒரு இணைப்பு இருக்கு. அதுல அவரோட யுஏஎன், அக்காவோட பேரு, ஆதார், பிறந்த தேதி குடுத்தா அக்காவோட ஆதார் நம்பரோட இணைஞ்ச மொபைலுக்கு ஓடிபி வரும். இ-நாமினேசன்ல அக்கா பேரு இருந்தா அங்கயே கோரிக்கையைப் போட்டுரலாம். இல்லைன்னா காகிதப் படிவம்தான். அதுக்கும் முன்னாடி கம்பெனி ஃபைல்ல பழைய ஃபார்ம் 2 (காகித நாமினேசன்) இருக்குதான்னு கேக்கச் சொல்லு. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கி வெச்சிருப்பாங்க, நெறைய பேர் மறந்தே போயிருப்பாங்க.

சரவணன் மாமா: ஆதார்ல மொபைல் இணைக்கலைன்னா முதல்ல ஆதார் சேவை மையத்துல இணைச்சுக்கலாம். அங்க கைரேகை வெச்சு முடிச்சுக் குடுப்பாங்க.

பெரியப்பா: ஃபார்ம் 2ல யார் பேரு இருக்குதுன்னும் பாக்கோணும். கல்யாணத்துக்கு முன்னாடி "எனக்குக் குடும்பம் இல்லை"ன்னு அண்ணன், தங்கச்சி பேர்ல போட்டிருந்தா, கல்யாணம் ஆனவுடனே அது செல்லாது. பிஎஃப் சட்டப்படி குடும்பம்னா மனைவி, குழந்தைகள், அவரைச் சார்ந்து இருக்கற அப்பா அம்மா. கூடப் பொறந்தவங்க அதுல வரமாட்டாங்க.

கவிதா: அவரோட அம்மா கூடவேதான் இருக்காங்க. பொண்ணுக்கு 15, பையனுக்கு 11.

பெரியப்பா: அப்ப ஒண்ணு தெளிவா சொல்லிப்போடறேன். செல்லுபடியாகற நாமினேசன் இருந்தா பிஎஃப் இருப்பும் காப்பீடும் நாமினிக்கு. நாமினேசன் இல்லைன்னா குடும்பத்துல எல்லாருக்கும் சம பங்கு: மனைவி, ரெண்டு குழந்தைங்க, சார்ந்திருக்கற அம்மா, ஆக 4 பங்கு. (மேஜரான பையனுக்கும், வீட்டுக்காரர் உயிரோட இருக்கற கல்யாணமான பொண்ணுக்கும் பங்கு கிடையாது. இங்க ரெண்டு பேரும் மைனர், அதனால வருவாங்க.) அவரோட அம்மாகிட்ட முதல்லயே பேசிருங்க, ஆபீஸ்ல போய்த் தெரிஞ்சுக்கிட்டா வீட்ல சண்டைதான். பென்சன் மட்டும் நாமினேசனைப் பாக்காது. மனைவியும் குழந்தைகளும் இருக்கையில அவங்களுக்குத்தான் போகும், அம்மாவுக்குப் போகாது.

சரவணன் மாமா: நாமினேசன் இல்லைன்னா வாரிசுச் சான்றிதழ் கேப்பாங்க. தாசில்தார் குடுக்கறது, இ-சேவையில விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிஞ்சுதான் தாசில்தார்கிட்டப் போகும், அதனால இன்னைக்கே போட்டு வெக்கறது நல்லது. இறப்புச் சான்றிதழ், எல்லா வாரிசோட ஆதார், ரேஷன் கார்டு, குழந்தைங்க பிறப்புச் சான்றிதழ். அம்மா பேரை விட்டுட்டு விண்ணப்பிச்சா விசாரணையில தெரிஞ்சு தள்ளுபடி ஆகும்.

சரவணன் மாமா: அந்த இறப்புச் சான்றிதழே இன்னும் வாங்கலைன்னா நல்லதுதான். 21 நாளுக்குள்ள பதிஞ்சா கட்டணம் இல்லை. பதியும்போதே ஆதார் நகலைக் குடுத்து இங்கிலீஷ்ல பேரை அதே எழுத்துல போடச் சொல்லோணும். கூப்பிடற பேரு, இனிசியல் இல்லாத பேரு எல்லாம் ஏறிருச்சுன்னா அப்புறம் திருத்தம், அதுக்கு மனு, அதுக்கு நகல்.

தேன்மொழி அக்கா: இனிசியல்தான் நம்ம ஊரு பெரிய தலைவலி. 😩 ஆதார்ல இனிசியல் பின்னாடி, பிஎஃப்ல முன்னாடி, பேங்க்ல அப்பா பேரு முழுசா. கம்ப்யூட்டருக்கு மூணும் மூணு ஆளு. யுஏஎன்ல இருக்கற பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு, சேர்ந்த தேதி எல்லாத்தையும் இப்பவே ஒப்பிட்டுப் பாத்துரு. உயிரோட இருந்தா அவரே ஆன்லைன்ல திருத்திக்கலாம். இறந்தவருக்கு அப்படி முடியாது, கம்பெனி கையெழுத்தோட காகிதத்துல கூட்டு உறுதிமொழி குடுக்கோணும்.

கவிதா: ஆதாரே யுஏஎன்ல இணைக்கலைன்னா?

தேன்மொழி அக்கா: இறந்தப்புறம் இணைக்க முடியாது. அதுக்காகவே 2024 மே மாசம் பிஎஃப் தலைமை சுற்றறிக்கை ஒண்ணு போட்டுச்சு: ஆதார் இணைக்காமயே காகித விண்ணப்பத்தை வாங்கி, ஆபீஸ் பொறுப்பு அதிகாரி அனுமதியோட முடிக்கலாம்னு. ஜன்னல்ல "ஆதார் இல்லாம ஆகாது"ன்னு சொன்னா இந்த சுற்றறிக்கையைச் சொல்லி அதிகாரியைப் பாக்கச் சொல்லு.

மகேஷ்: காப்பீடு எவ்வளவு வரும்? 7 லட்சம்னு வாட்ஸ்அப்ல ஓடுதே

பெரியப்பா: 7 லட்சம் உச்சவரம்பு, எல்லாருக்கும் அது வராது. கணக்கு இது: கடைசி 12 மாச சராசரி சம்பளம் (பேசிக்கும் டிஏங்கற அகவிலைப்படியும் சேர்ந்தது, அதிகபட்சம் 15,000) × 35. அதோட அந்த 12 மாச பிஎஃப் இருப்போட சராசரியில பாதி, அது 1,75,000க்கு மேல போகாது. அவரு பேசிக் 14,000, சராசரி இருப்பு 3,20,000ன்னு வெச்சா: 4,90,000 + 1,60,000 = 6,50,000. தொடர்ந்து 12 மாசம் வேலையில இருந்திருந்தா கணக்கு எவ்வளவு கம்மியா வந்தாலும் 2,50,000க்குக் குறையாது. இதுக்குத் தொழிலாளி சம்பளத்துல ஒரு பைசா பிடிக்கறதில்ல, சந்தா முழுக்க கம்பெனியோடது. அதனாலதான் இப்படி ஒண்ணு இருக்கறதே பல பேருக்குத் தெரியாது.

கவிதா: பென்சன்?

பெரியப்பா: பென்சனுக்கு உண்டான சராசரி சம்பளம் × சர்வீஸ் ÷ 70. 14,000 × 12 ÷ 70 = 2,400. இறப்புக்குன்னு தனியா ஒரு அட்டவணையும் உண்டு, எது அதிகமோ அது கிடைக்கும். 1,000க்குக் குறையாது. குழந்தைங்களுக்கு ஆளுக்கு அம்மா பென்சன்ல 25 சதவீதம், ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு, 25 வயசு வரைக்கும். 2,400ன்னா ஆளுக்கு 600. உறுப்பினரே பென்சன் வாங்கத்தான் 10 வருச சர்வீஸ் வேணும், பணியில இறந்தா அந்த நிபந்தனை கிடையாது, ஒரு மாசச் சந்தா இருந்தாப் போதும். "பத்து வருசம் ஆகலை, பென்சன் இல்லை"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

தேன்மொழி அக்கா: பழைய கம்பெனில வேற மெம்பர் ஐடி இருந்து, இந்த யுஏஎன்ல இணைக்காம விட்டிருந்தா அந்த சர்வீஸ் கணக்குல வராது. 12 வருசமும் ஒரே கம்பெனியான்னு கேளு. பழைய சம்பளச் சீட்டு ஏதாச்சும் இருந்தா எடுத்து வெக்கச் சொல்லு.

கவிதா: பேப்பர் பட்டியல் ஒரே மெசேஜ்ல போடுங்களேன், அந்தக்காவுக்கு அப்படியே அனுப்பீர்றேன்.

தேன்மொழி அக்கா: சரி. இறப்புச் சான்றிதழ் நகல். அக்கா, குழந்தைங்க ஆதார். குழந்தைங்க வயசுச் சான்று. அக்கா பேர்ல மட்டும் இருக்கற பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் இல்லைன்னா பேரு அச்சிட்ட செக், கேன்சல் பண்ணினது (அவரோட சேந்த ஜாயின்ட் அக்கவுண்ட் வேண்டாம், புதுசா ஒண்ணு ஆரம்பிக்கட்டும்). பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, 10டிக்கு 3 காப்பி. அங்க அடையாளம், மாதிரிக் கையெழுத்து பக்கத்தை மறக்காம நிரப்போணும். நாமினேசன் இல்லைன்னா வாரிசுச் சான்றிதழ். ஒவ்வொரு பக்கத்துலயும் கம்பெனி சீல், கையெழுத்து.

மகேஷ்: கம்பெனி கையெழுத்துப் போட இழுத்தடிச்சா?

பெரியப்பா: கெசடட் அதிகாரி, பேங்க் மேனேஜர், போஸ்ட் மாஸ்டர், எம்எல்ஏன்னு யாராச்சும் ஒருத்தர் சான்றொப்பம் போட்டா போதும். கம்பெனி ஏன் போடலைன்னு ஒரு கடிதமும் வெச்சுருங்க. விண்ணப்பம் எல்லாம் சரியா இருந்தா 20 நாளுக்குள்ள பிஎஃப் பணம் முடிக்கோணும்னு விதி. தாண்டினா ஆன்லைன்ல குறை தீர்ப்புப் பக்கத்துல புகார் பதியலாம். மாசாமாசம் 27ஆம் தேதி மாவட்டத்துல ஒரு இடத்துல பிஎஃப் ஆபீசர்களே வந்து குறை கேக்கறாங்க, அங்க நேர்ல போறதும் நல்ல வழிதான். போகும்போது ஒப்புகைச் சீட்டு இல்லாமப் போகாதீங்க.

தேன்மொழி அக்கா: இன்னொண்ணு, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு). சம்பளம் 21,000க்குள்ளயா?

கவிதா: ஆமாங்கக்கா, 18 சொச்சம்.

தேன்மொழி அக்கா: அப்ப ஈமச் செலவுக்கு 15,000 வரை இஎஸ்ஐல உண்டு. ஃபார்ம் 22, கிளை அலுவலகத்துல குடுக்கோணும். இறந்து 3 மாசத்துக்குள்ள போடோணும், இது தவறிப்போறதுதான் அதிகம். மாரடைப்பு வீட்லன்னா இஎஸ்ஐல இந்த ஈமச் செலவு மட்டும்தான். வேலையிலயோ, வேலைக்குப் போற வர்ற வழியிலயோ விபத்துன்னா சார்ந்தோர் உதவித்தொகைன்னு தனியா மாசாமாசம் உண்டு, அதுக்கு ஃபார்ம் 15.

பெரியப்பா: கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கேக்கச் சொல்லு கண்ணு, அது கம்பெனியே குடுக்கறது. 5 வருசம் முடிஞ்சிருக்கோணும்ங்கறது இறப்புக்குப் பொருந்தாது. இவருக்கு 12 வருசம்: கடைசி சம்பளம் 14,000 × 15 ÷ 26 × 12, கிட்டத்தட்ட 96,900.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா: இறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சுங்க, பேரு சரியா இருக்கு. கம்பெனி ஃபைல்ல ஃபார்ம் 2 இருக்காம், அக்கா பேருதான்! பென்சன் வர ஆரம்பிச்சா அப்புறம் எதுவும் செய்யோணுமா?

தேன்மொழி அக்கா: அப்ப வாரிசுச் சான்றிதழ் பிஎஃப்புக்கு வேண்டியதில்ல, நல்லதாப் போச்சு. பென்சன் இறந்த மறுநாள்ல இருந்து கணக்கு, தாமதமானாலும் அரியர் வரும். முதல்ல பிபிஓ (பென்சன் உத்தரவு) நம்பர் வரும், அதைப் பத்திரமா எழுதி வெக்கோணும்.

சரவணன் மாமா: வருசத்துக்கு ஒருக்கா உயிர்ச்சான்று. நவம்பர்லதான்னு இல்ல, இபிஎஸ் (பிஎஃப் பென்சன் திட்டம்) பென்சன்காரங்க எந்த மாசம் குடுத்தாலும் அன்னைல இருந்து ஒரு வருசம் செல்லும். ஆதார், பிபிஓ நம்பர், பேங்க் அக்கவுண்ட், மொபைல் போதும். கைரேகை விழலைன்னா போன்ல ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் போட்டு முகத்தைக் காட்டினா ஆச்சு. மறுமணம் ஆகலைங்கற உறுதிமொழியும் அதுலயே கேக்கும், அதை மறக்காம நிரப்போணும்.

கவிதா: சரிங்க மாமா. நாளைக்குக் கம்பெனில விலகல் காரணத்தைத்தான் முதல்ல பாக்கச் சொல்றேன்.

பெரியப்பா: பாத்துட்டு ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு வாங்கி இங்க போடு. படிவத்தை அப்புறம் எழுதலாம்.