டீக்கடை வருமானத்துக்கு எதைச் சான்றாகக் காட்டுவது?

வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் லாரி மோதி இறந்து 4 மாதம் ஆகிறது. வயது 42, டீக்கடை வைத்திருந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவுப்படி இழப்பீடு கேட்டு 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். இதற்கிடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "164-ல் 5 லட்சம் கிடைக்கும், கையெழுத்து போடுங்க" என்கிறார். அந்த 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, சரி. ஆனால் 166-ல் போனால், உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி, சொந்தச் செலவு கழித்த ஆண்டு வருமானத்தை இந்த வயதுக்கு 14-ஆல் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்களே! அவசரப்படக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிக்கல் வருமானச் சான்றுதான். மாமா வருமான வரி கட்டியதில்லை. இருப்பது பால் கணக்கு நோட்டு ஒன்று, அட்டை முழுக்க டீக்கறை. அப்புறம் கூகுள் பே வரவுகள். இவை எடுபடுமா? இப்படி வழக்கு நடத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.