லண்டனில் ஹார்ப் வாசிப்பவர் யாராவது தெரியுமா?

வணக்கம் நண்பர்களே. செக் நாட்டில் ப்ர்னோவில் படிக்கிறேன். எங்கள் மாணவர் பாடகர் குழு மே மாதம் லண்டன் வருகிறது. 12ஆம் நூற்றாண்டின் புனித வாட்ஸ்லாவ் பாடலில் தொடங்கி, செக் இசையமைப்பாளர்களான மிக்னா 1647இல் வெளியிட்ட மரியன்னைப் பாடல்கள், த்வோர்ஷாக், பெட்ர் ஏபென் வரை பாடுகிறோம்.

சிக்கல், பரமண்டல ஜெபத்துக்குச் செக் இசையமைப்பாளர் யானாச்செக் அமைத்த இசையில்தான். 1901இல் பியானோ, ஹார்மோனியத்தோடு எழுதியதை 1906இல் ஹார்ப், ஆர்கன் என்று மாற்றினார். டெனர் (உயர்ந்த ஆண்) குரலுக்கு அடியில் ஹார்ப் ஓடுவதைக் கேட்டுவிட்டால் பியானோவுக்குத் திரும்ப மனமே வராது. ஆர்கன் வாசிக்க ஆள் இருக்கிறார். ஹார்ப்புக்குத்தான் இல்லை.

அங்கே ஹார்ப் படிக்கும் மாணவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பயணச் செலவோடு சிறு தொகையும் தருவோம். அப்புறம், ஆர்கன் உள்ள, வாடகை குறைவான தேவாலயம் தெரிந்தாலும் பெரிய உதவி. இசைக்குறிப்பை உடனே அனுப்புகிறேன்.