சி2சி12 செல் மசிலா மாறும்போது டிஎன்ஏ உடையுது, கல்ச்சர தூக்கிப் போடணுமா?

லேப்கோட்டு:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காக எலி மசில் ஸ்டெம் செல்லுல இருந்து வந்த சி2சி12 லைன வெச்சிருக்கேன். செல்ல மசிலா மாத்த 2% ஹார்ஸ் சீரத்துக்கு (குதிரை சீரம்) மாத்தி மறுநாள் காமா எச்2ஏஎக்ஸ் (டிஎன்ஏ உடைஞ்ச இடத்த காட்டற மார்க்கர்) ஸ்டெயின் பண்ணா நியூக்ளியஸ் உள்ள பச்சைப் புள்ளியா தெரியுது, செல் சாகறப்ப வேலை செய்யற காஸ்பேஸ்-3 என்சைமும் ஆக்டிவா இருக்கு, ஆனா செல் எதுவும் சாகற மாதிரி இல்ல, தட்டுல நல்லா ஒட்டி நீளமாதான் ஆகுது. சீனியர் அக்கா கல்ச்சர் போச்சு, உறைய வெச்ச செல்ல புதுசா உருக்கி (thaw) வளக்கச் சொல்றாங்க. அப்படித்தானா?

மயோட்யூப்_ரசிகன்:
தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க! காஸ்பேஸ்-3ன்னாலே சாவுன்னுதான் எல்லா பாடத்துலயும் இருக்கு, ஆனா கனடாவுல ஒட்டாவா க்ரூப் 2002லயே அது இல்லாம மசில் டிஃபரன்ஷியேஷன் (செல் மசிலா மாறறது) சரியா நடக்காதுன்னு காட்டிட்டாங்க. 2010ல இன்னும் உள்ள போனாங்க: காஸ்பேஸ்-3 போய் ஐகேட் புரோட்டீன வெட்டுது, அது அமுக்கி வெச்சிருந்த கேட்ங்கற டிஎன்ஏ வெட்டுற என்சைம் விடுபட்டு பி21 ஜீனோட ப்ரோமோட்டர்ல (ஜீன ஆன் பண்ற பகுதி) வெட்டு போடுது, பி21 ஏறுது, செல் பெருகறத நிறுத்திட்டு மசிலாகுது. அதாவது செல்லே வேணும்னு போடற வெட்டு. அப்புறம் எக்ஸ்ஆர்சிசி1ங்கற டிஎன்ஏ ரிப்பேர் புரோட்டீன் வந்து அத ஒட்டணும், அத தடுத்துட்டா டிஃபரன்ஷியேஷனே நின்னு போயிடுது. எனக்கு இந்த ஃபீல்டுலயே ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான்.

செல்வி_பயோ:
அண்ணா சொல்றது சரி, ஆனா ஒரே நாள் படத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. 0, 12, 24, 48, 96 மணி நேரத்துல படம் எடுங்க, புள்ளி ஆரம்பத்துல ஏறி அப்புறம் இறங்கினா அது டிஃபரன்ஷியேஷன் ப்ரோக்ராம், இறங்காம செல்லு மிதக்க ஆரம்பிச்சா நிஜமாவே சாவு. சாகற செல்ல காட்டற அனெக்சின் ஸ்டெயினும் கூடவே போடுங்க.

நரைமுடி_ஆராய்ச்சி:
எல்லா ஸ்டெம் செல்லுக்கும் இத பொருத்திடாதீங்க. எலிக்கு ரேடியேஷன் குடுத்தா முடி வேர்ல இருக்கற மெலனோசைட் (நிறம் தர்ற செல்) ஸ்டெம் செல் சாகாம அங்கயே டிஃபரன்ஷியேட் ஆயிடுது, ஸ்டாக் காலியாகி முடி நரைக்குதுன்னு 2009ல ஜப்பான் க்ரூப் காட்டினாங்க. அங்க வெட்டு வெளிய இருந்து வந்தது, செல் தானா போட்டதில்ல.

லேப்கோட்டு:
ரொம்ப நன்றி! டைம் பாயிண்ட் எல்லாம் எடுக்கறேன். காஸ்பேஸ் இன்ஹிபிட்டர் (அத தடுக்கற மருந்து) போட்டா புள்ளி குறையணுமில்லயா?

மயோட்யூப்_ரசிகன்:
குறையணும், மயோட்யூபும் (செல்கள் சேர்ந்து ஆகற மசில் நார்) குறையணும், ரெண்டையும் எண்ணுங்க. இன்ஹிபிட்டர கரைக்கற டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட தட்டு ஒன்னு பக்கத்துல கட்டாயம் இருக்கட்டும்.