போர் நேரத்தில் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாதாம்!

கரிசல்மண் | மாலை 6.12

பக்கத்து இழையில் பீரங்கிசாமி என்கிற பெரியவர் இப்படி எழுதி 40 பேரிடம் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்: "ராணுவ விஷயத்தில் எம்.பி.க்களுக்கு அரசு பதில் சொல்லும் வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை. போர் நேரத்தில் கேள்வி கேட்பவன் எதிரிக்கு வேலை செய்கிறவன்."

படித்ததும் குடித்த காபி கசந்துவிட்டது. ஐயா, 1962-ல் சீனாக்காரன் உள்ளே புகுந்தது அக்டோபர் 20. போர் நடுவிலேயே, குளிர்காலக் கூட்டத்தொடரை முன்கூட்டியே நவம்பர் 8-ல் கூட்டினார் நேரு. 14-ம் தேதி வரை விவாதம். மக்களவையில் 165 பேர் பேசினார்கள். அரசைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாமே என்று எல்.எம். சிங்வி என்ற சுயேச்சை உறுப்பினர் யோசனை சொன்னபோது, வேண்டாம் என்று மறுத்தவரும் நேருதான். உடனே கூட்டுங்கள் என்று கேட்டவர்களில் வாஜ்பாயி ஒருவர், அப்போது வயது 37. அவர் எதிரிக்கு வேலை செய்தாரா?

பீரங்கிசாமி | 6.31

எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஒரே ஒரு திருத்தம்தான். "போர் நடுவிலேயே" என்று எழுதியிருக்கிறீர்கள். தவாங் போனது அக்டோபர் 24, 25 வாக்கில். அதற்குப் பிறகு சீனா நின்றுவிட்டது. மறுபடி பெரிய அடி விழுந்தது நவம்பர் 17, 18-ல், சேலாவிலும் ரெசாங் லாவிலும். இடையில் மூன்று வாரம் ஓய்வு. அந்த ஓய்வில் கூடிப் பேசினார்கள். நவம்பர் 8 அன்று போர் நடக்கவில்லை. வரலாற்றை அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதக் கூடாது தம்பி.

தவில்வித்வான் | 6.38

ஓஹோ, இடைவேளை! முறுக்கு விற்கலாம், கேள்வியும் கேட்கலாம். விளக்கை அணைத்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கரிசல்மண் | 6.44

அக்டோபர் 26-ல் அவசரநிலை அறிவிப்பு. சீனா சண்டையை நிறுத்தியது நவம்பர் 21. அக்டோபர் 20-க்கும் நவம்பர் 21-க்கும் இடையில் வருகிற நாள் நடுவா, இல்லையா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

பீரங்கிசாமி | 6.52

அவசரநிலை என்று நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பிரகடனத்துக்குச் சபையின் ஒப்புதல் வேண்டும். அதற்காகக் கூட்டினார், கேள்வி கேளுங்கள் என்று அழைக்கவில்லை. மேலும் நவம்பர் 8 அன்று எந்தப் பெரிய சண்டையும் இல்லை. நடந்தது என்றால் எந்த முனையில் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

முன்னாள்_சுபேதார் | 7.05

வணக்கம். கிழக்கு முனையில் வாலாங் பக்கம் நவம்பர் முதல் வாரத்திலும் மோதல்கள் இருந்தன. விவாதம் முடிந்து தீர்மானம் நிறைவேறிய அதே 14-ம் தேதி குமாவுன் படைப்பிரிவு அங்கே தாக்குதல் தொடுத்தது. முன்னணியில் நிற்கிறவனுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. டில்லியில் இருப்பவர்களுக்குத்தான் ஓய்வு.

பீரங்கிசாமி | 7.11

சுபேதார் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 14-ம் தேதி நாம் தொடுத்தது. சீனா தொடுக்கவில்லை. நான் கேட்டது 8-ம் தேதி. 8-க்கும் 14-க்கும் ஆறு நாள் வித்தியாசம்.

தவில்வித்வான் | 7.13

நாம் சுட்டால் போர் இல்லை, அவன் சுட்டால்தான் போர். புதிய இலக்கணம். தொல்காப்பியருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வக்கீல்_வசந்தி | 7.26

எல்லாரும் தேதியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். "பதில் சொல்வது" என்று இந்த இழையில் எதைச் சொல்கிறோம்? அமைச்சர் எழுந்து ஓர் அறிக்கையை வாசித்துவிட்டு உட்கார்வதா? துணைக்கேள்விகளுக்கு வாய்திறந்து சொல்வதா? நிலைக்குழு முன்னால் அதிகாரிகள் வந்து ஆவணங்களைக் காட்டுவதா? மூன்றும் வேறு வேறு. அரசியல் சட்டத்தின் 75(3) பிரிவு, அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு என்கிறது. ராணுவம் நீங்கலாக என்று அதில் ஒரு வரி இல்லை. ரகசியம் என்றால் அதற்கும் மக்களவை விதிகளில் ரகசிய அமர்வு இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல வருஷங்களில் விவாதமே இல்லாமல் "கில்லட்டின்" போட்டு ஒரே மூச்சில் ஓட்டுக்குப் போகிறது. லட்சக்கணக்கான கோடி ரூபாய். அதைப் பற்றிப் பேசலாமா?

எழுத்துப்பிழை | 7.29

தலைப்பில் "பாராளுமன்றம்" என்று இருக்கிறது. நாடு + ஆளும் + மன்றம் = நாடாளுமன்றம். பார் என்றால் உலகம். உலகத்தையா ஆளுகிறார்கள்?

யாழ்ப்பாணத்தான் | 7.35

எங்கள் நாட்டில் அரசாங்கமே பாராளுமன்றம் என்றுதான் எழுதுகிறது. திருத்துவதென்றால் கொழும்புக்குக் கடிதம் போடுங்கோ.

வந்த இடத்தில் ஒன்று. இங்கே யுத்த காலத்தில் அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் பாராளுமன்றத்தில் ஓட்டெடுத்து நீடித்தார்கள். 2011 வரைக்கும். பேச்சும் நடந்தது, ஓட்டும் நடந்தது, ஒவ்வொரு மாதமும் நிறைவேறியது. வசந்தி அக்கா கேட்ட மூன்றில் இது எதுவென்று எனக்கு விளங்கவில்லை.

எழுத்துப்பிழை | 7.37

அரசு எழுதினால் சரியாகிவிடுமா?

பீரங்கிசாமி | 7.48

வசந்தி அம்மா, சட்டம் எனக்கும் தெரியும். இங்கே கேள்வி ஒன்றுதான்: கரிசல்மண் "போர் நடுவிலேயே" என்று எழுதியது உண்மையா, பொய்யா? அடித்தளம் பொய் என்றால் மேலே கட்டினது எல்லாம் பொய். போன மாதம் காவிரி இழையிலும் இவர் இப்படித்தான் டி.எம்.சி. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிப்போனார்.

கரிசல்மண் | 7.55

ஓடவில்லை, வீட்டில் விசேஷம். அதை நூறு தடவை சொல்லிவிட்டேன்.

சரி, 62 வேண்டாம். 1971-க்கு வாங்க. டிசம்பர் 3-ல் போர். 6-ம் தேதி வங்கதேசத்தை அங்கீகரிக்கிறோம் என்று இந்திரா காந்தி அறிவித்தது எங்கே? பாராளுமன்றத்தில். 16-ம் தேதி டாக்கா சரணடைந்த செய்தியைச் சொன்னது எங்கே? மக்களவையில். கிழக்கிலும் மேற்கிலும் குண்டு பறந்துகொண்டிருந்தபோது சபை நடந்தது. இது ஓய்வா?

வெளிநாடும் வேண்டுமா? 1942 ஜூன் 21-ல் லிபியாவில் பிரிட்டன் வசமிருந்த டொப்ருக் கோட்டை ஜெர்மானியர் கையில் விழுந்தது. ஜூலை 2-ல் லண்டனில் சர்ச்சில் அரசு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. 475-க்கு 25 என்று ஜெயித்தார். ஜெயித்தாலும் நின்று பதில் சொன்னார். உலகத்தில் எங்கேயும் இல்லையாமே?

பீரங்கிசாமி | 8.02

71-ஐப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். அறிவிப்பது வேறு, பதில் சொல்வது வேறு. சர்ச்சில் காலத்தில் அங்கே ரகசிய அமர்வுகளும் நடந்தன, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் கேட்டது நவம்பர் 8.

தவில்வித்வான் | 8.04

அறிவிப்பது வேறு, பதில் சொல்வது வேறு! இதைத்தானே வசந்தி அம்மா முக்கால் மணி நேரம் முன்னால் கேட்டார்கள்? நீங்களே பதிலைச் சொல்லிவிட்டு நீங்களே தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

கரிசல்மண் | 8.15

அப்படியானால் 2020 செப்டம்பர். லடாக் எல்லையில், கல்வானில் சீனாவோடு நடந்த மோதலில் 20 வீரர்கள் போனது ஜூன் 15. சபை கூடியது செப்டம்பர் 14. அந்தத் தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். 15-ம் தேதி ராஜ்நாத் சிங் மக்களவையில் அறிக்கை வாசித்தார், விவாதம் இல்லை. இது எந்த வகை ஓய்வு? 2025-ல் பாகிஸ்தான் மேல் எடுத்த சிந்தூர் நடவடிக்கை நின்றது மே 10, விவாதம் வந்தது ஜூலை 28. 79 நாள். 62-ல் சண்டை ஆரம்பித்து 19-ம் நாள் சபை கூடிவிட்டது.

பீரங்கிசாமி | 8.21

அந்த விவாதத்துக்கு மக்களவையில் 16 மணி நேரம் ஒதுக்கினார்கள், பிரதமரே பேசினார். அதை மறைக்கிறீர்கள். 79 நாள் ஆனாலும் நடந்ததா இல்லையா? கார்கிலுக்குக் கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு போட்டு, அந்த அறிக்கையை 2000 பிப்ரவரியில் சபையில் வைத்தது யார்? வாஜ்பாயி அரசு. நேரு 62-க்கு என்ன வைத்தார்? அந்தத் தோல்வியை ராணுவமே ஆராய்ந்து எழுதிய ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கை எங்கே? 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சவான் எழுந்து ஓர் அறிக்கை வாசித்தார், அவ்வளவுதான். மூல அறிக்கை இன்றுவரை பெட்டிக்குள்.

சுப்பிரமணியம் திருச்சியில் பிறந்தவர் என்பதையும் தமிழர்கள் கொஞ்சம் நினைவில் வைக்கலாம்.

முன்னாள்_சுபேதார் | 8.33

அந்தப் பெட்டியை யார் திறந்தார்கள்? 2010-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனி முடியாது என்றார், இன்னும் ராணுவ முக்கியத்துவம் இருக்கிறதாம். 2014 மார்ச்சில், எதிர்க்கட்சியில் இருந்தபோது, இப்படிக் காலவரையின்றிப் பூட்டிவைப்பது சரியா என்று எழுதியவர் அருண் ஜேட்லி. அதே வருஷம் ஜூலையில் அவரே பாதுகாப்பு அமைச்சர். மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாகச் சொன்ன பதில்: வெளியிடுவது தேச நலனுக்கு ஏற்றதல்ல. நாலு மாதம்தான் இடைவெளி.

கார்கில் சண்டையின்போது மக்களவை கலைந்திருந்தது. மாநிலங்களவை கலையாது. அதையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கூட்டவில்லை.

தென்காசித்_தென்றல் | 8.40

போபர்ஸ் பீரங்கி பேரத்தை விசாரித்த எம்.பி.க்கள் கூட்டுக்குழுவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 1988-ல் அந்தக் குழு அரசுக்கு நற்சான்று கொடுத்தபோது, மறுப்புக் குறிப்பு எழுதியவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆலடி அருணா. அப்போது அதிமுக காங்கிரஸுக்குத் தோழமைக் கட்சி. அப்படியிருந்தும் எழுதினார். கேள்வி கேட்கிறவன் என்றால் அவர்!

தவில்வித்வான் | 8.43

அவர் திமுக அமைச்சர் இல்லையோ?

தென்காசித்_தென்றல் | 8.45

அது பிற்பாடு, 96-ல் வந்த ஆட்சியில். போபர்ஸ் சமயத்தில் அதிமுக. நல்லது செய்த ஆள் என்றால் உடனே உங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வீர்கள்.

தவில்வித்வான் | 8.46

எனக்குக் கட்சி இருக்கிறது என்று யார் சொன்னது?

தென்காசித்_தென்றல் | 8.47

ஊருக்கே தெரியும்.

வக்கீல்_வசந்தி | 9.02

டில்லியை விடுங்கள். காவல்துறை மாநிலப் பட்டியல். இங்கே உள்துறை முதல்வர் கையில்தான், எந்த ஆட்சி வந்தாலும். 2018 மே 22, தூத்துக்குடி. துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர். அருணா ஜெகதீசன் ஆணையம் அது சரியல்ல என்று எழுதியது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில், அதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். எல்லையில் இருப்பதைச் சொல்ல முடியாது, எதிரி கேட்பான் என்கிறீர்கள். தூத்துக்குடியில் எதிரி யார்?

பீரங்கிசாமி | 9.10

நான் தொடங்கியது ராணுவம். போலீஸைப் பற்றிப் பேச வேறு இழை திறந்துகொள்ளுங்கள் அம்மா. அன்றைக்கு எதிர்க்கட்சி சபையைப் புறக்கணித்துவிட்டு அறிவாலயத்தில் மாதிரி சட்டமன்றம் நடத்திக்கொண்டிருந்ததே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது, நாற்காலிக்கா?

கரிசல்மண் | 9.14

பாருங்கள், இதற்கு மட்டும் உடனே பதில் வருகிறது. 1971-க்கு வரவில்லை.

பீரங்கிசாமி | 9.17

உங்களுக்கும்தான் நவம்பர் 8-க்குப் பதில் வரவில்லை. ஏழாவது தடவையாகக் கேட்கிறேன்: அன்றைக்கு எந்த முனையில் சண்டை?

தவில்வித்வான் | 9.19

நாலாவது தடவை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பீரங்கிசாமி | 9.24

பக்கத்து இழையில் மூன்று தடவை கேட்டேன். கூட்டிப் பாருங்கள். வித்வானுக்குத் தாளமும் வராது, கணக்கும் வராது.

எழுத்துப்பிழை | 9.26

தலைப்பு இன்னும் திருத்தப்படவில்லை.

கரிசல்மண் | 9.31

தலைப்பை மாற்ற முடியாது, அப்படியே இருக்கட்டும். பீரங்கியாரே, மளிகைக் கடையை அடைத்துவிட்டு வருகிறேன், அரைமணி நேரம். அதற்குள் ஓடிவிட்டேன் என்று எழுதாதீர்கள்.

பீரங்கிசாமி | 9.32

ஓடிவிட்டார்.