சம்மாட்டி ஏன் இப்படிக் கத்துறாரு?

குழு: பாம்பன் வீட்டு ஆளுங்க

கீர்த்தி, 7:42: எல்லாரும் நான் எழுதுன மீனவர் கதையப் படிச்சாச்சா? நாளைக்குப் போட்டிக்கு அனுப்பணும். சம்மாட்டியோட, அதான் அந்த மீன் முதலாளியோட, அதிகாரம் தெரியுதா?

மலர் அத்தை, 7:50: சத்தம்தான் தெரியுது. முதல் பக்கத்துலயே நாலு தடவ கத்துறாரு. முறுக்கு மீசை, செவந்த கண்ணு, தங்கச் சங்கிலி வேற. பேச்சு எடுபடாதவன்தான்டி கத்துவான்.

கீர்த்தி, 7:51: அப்ப எப்படிக் காட்டுறது அத்தை?

மலர் அத்தை, 7:55: அவர விடு, சுத்தி இருக்குறவங்கள எழுது. வாடிக்குள்ள, அந்த மீன் கொட்டகைக்குள்ள, அவர் நுழைஞ்சதும் யார் எந்திரிக்கிறா, யார் பீடிய மறைக்கிறா, யார் பேச்சு பாதியில நிக்குது. வசனத்தையும் வெட்டு. கடன் வாங்குன மீனவன் மாரி நாலு வரி வெளக்கம் சொல்லட்டும், இவர் "ம், எறக்கு"ன்னா போதும். மாரியப் பேர் சொல்லிக் கூப்பிட வேணாம், "முனியசாமி மவனே"ன்னு கூப்பிடட்டும். அப்பன் காலத்துக் கடன்னு தனியா எழுத வேண்டியதில்ல.

ராஜன் சித்தப்பா, 8:03: 👍 ஆனா முன்பணத்த ஒரே வரியில முடிச்சுட்டியே, அதுதானே கதை! கடன் நிக்கிற வரைக்கும் பிடிச்ச மீன அவர்கிட்டதான் போடணும். வட்டின்னு வாயே தெறக்க மாட்டாரு. வெளி வெலைய விட கிலோவுக்குக் கொறச்சுப் போடுவாரு, அதுல வந்துரும். எடை போடுற காட்சி வையி. கணக்கப்பிள்ளை வெலையச் சொல்லட்டும், மாரி நோட்டப் பாக்காம கையெழுத்துப் போடட்டும். சம்மாட்டி அந்நேரம் போன்ல வேற யார்கிட்டயோ பேசிட்டு இருக்கட்டும்.

மலர் அத்தை, 8:04: அந்த போன் நல்லாருக்கு 👌

பெரியப்பா, 8:15: மே மாசத்துல விசைப்படகு எப்படிம்மா கடலுக்குப் போகுது? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். நம்ம கரைக்காரன் கதைய அங்கேயே மூடி வச்சுருவான்.

கீர்த்தி, 8:16: ஐயோ 🙈 மாசத்த மாத்திரவா பெரியப்பா?

பெரியப்பா, 8:19: மாத்தாத. படகக் கட்டிப் போடு. தொழில் இல்லாத அந்த ரெண்டு மாசத்துலதான் அரிசிக்கும் பீசுக்கும் அவர் வாசல்ல நிக்கணும். கடன் ஏறுறது அப்பத்தான். ராஜன் சொன்ன தராசு, தடை முடிஞ்சு முதல் மீன் எறங்குற அன்னைக்கு.

ராஜன் சித்தப்பா, 8:24: கடைசிப் பக்கத்துல ஏற்றுமதிக் கம்பெனி ஏஜெண்ட் வரட்டும். அவனப் பாத்ததும் சம்மாட்டி எந்திரிச்சு நாற்காலியத் தள்ளி விடட்டும். ஒரே வரி. முன்னாடியே வச்சா வாசகனுக்கு அவர் மேல பயம் வராது, பாவமாப் போயிரும்.

கீர்த்தி, 8:26: சரி சித்தப்பா. மாரி அதப் பாக்குறானா?

ராஜன் சித்தப்பா, 8:27: பாக்கட்டும். சிரிக்க மட்டும் விட்றாத.