திடீரென்று முடிவான கிறிஸ்துமஸ் பார்ட்டி: நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி:

நானே தொடங்கிவைக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் கூடுவதாக இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து கூடம் முழுக்க நனைந்துவிட்டது. மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் தோழி போன் செய்து, "இந்த வருஷம் வேண்டாம், விட்டுவிடலாம்" என்றாள். அம்மா போன பிறகு அவளுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. அவளை அன்றைக்குத் தனியாக விட எனக்கு மனசே வரவில்லை. எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஏழு மணிக்கு எல்லாரையும் வரச் சொல் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நான் கையில் எடுத்தது துடைப்பத்தையும் இல்லை, கரண்டியையும் இல்லை, போனைத்தான். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஒருவருக்கு ஐஸ் கட்டி, ஒருவருக்கு பிரெட், ஒருவருக்கு மடக்கு நாற்காலிகள், ஒருவருக்குப் பாட்டு ஸ்பீக்கர், குழந்தையோடு வருகிறவர்கள் எதுவும் தூக்கிவர வேண்டாம். இதில் வெட்கப்படவே கூடாது. "ஏதாவது கொண்டு வாங்க" என்று பொதுவாகப் போட்டால் பாதிப் பேர் சிப்ஸ் பாக்கெட்டோடும் மீதிப் பேர் கேக்கோடும் வந்து நிற்பார்கள், தண்ணீர் குடிக்க டம்ளர் இருக்காது. அந்தச் செய்தியிலேயே "ஏழிலிருந்து பத்து வரை" என்றும் எழுதினேன். முடியும் நேரம் தெரிந்தால் மறுநாள் வேலைக்குப் போகிறவர்களும் தயங்காமல் வருவார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை இரண்டு இடம்தான் கணக்கு: உட்காரும் கூடம், குளியலறை. மற்றதெல்லாம் படுக்கையறைக்குள் போய்க் கதவு சாத்தப்பட்டது. துவைத்த துணி, குழந்தையின் புத்தகம், வந்த கூரியர் பெட்டி, எல்லாமே. குளியலறையில் புதுத் துண்டு, சோப்பு, குப்பைக் கூடை காலி. அவ்வளவுதான். டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் சீரியல் லைட்டையும் மூலையில் ஒரு மேசை விளக்கையும் போட்டால் சுவரில் இருக்கிற கிரேயான் கிறுக்கல் கூடத் தெரியாது.

சமையலில் ஒரே ஒரு சூடான பொருள். பெரிய பாத்திரத்தில் காய்கறி சூப். இறைச்சி சாப்பிடாதவர்களும் சாப்பிடலாம், எத்தனை பேர் கூடுதலாக வந்தாலும் கொஞ்சம் நீட்டலாம், அடுப்பில் மிகக் குறைந்த தீயில் கடைசி வரை சூடாகவே இருக்கும், யாரும் பரிமாற வேண்டாம், அவரவர் கப்பில் ஊற்றிக்கொண்டு போய் உட்காரலாம். நான் அடுப்படியில் நிற்காமல் தோழியின் பக்கத்தில் உட்கார முடிந்ததே அந்த ஒரு பாத்திரத்தால்தான். அவள் அம்மாவைப் பற்றி நிறையப் பேசினாள், நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பேரீச்சம்பழம்:

கேக் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடைசி நேரத்தில் எல்லாரும் கைவிடுவது இதைத்தான். பழங்களை வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும் என்ற பயத்தில் வீட்டில் செய்வதையே விட்டுவிடுகிறார்கள். ஊறவைக்காமலே நல்ல பழக் கேக் வரும். பழத்தை வேகவைத்துவிட வேண்டும், விஷயம் அதுதான்.

உலர்ந்த திராட்சை, நறுக்கிய பேரீச்சை, இருக்கிற உலர்பழம் எல்லாம் சேர்த்து 350 கிராம். வெண்ணெய் 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 150 கிராம், ஆரஞ்சுச் சாறு 200 மில்லி. சாறு இல்லையென்றால் பால் சேர்க்காத தேநீர் போதும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். இறக்கியவுடன் அரை டீஸ்பூன் சோடா உப்பு போட்டால் புசுபுசுவென்று நுரைத்து மேலே எழும்பும், அதனால் ஆழமான பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கும்போது பார்த்தால் திராட்சை ஒவ்வொன்றும் சாற்றைக் குடித்து உப்பி, தோல் பளபளவென்று இழுபட்டு நிற்கும்.

அப்புறம் ஆறவிட வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது, சூட்டோடு முட்டையை ஊற்றினால் அது வெந்து திரிந்துவிடும். விரல் வைத்தால் வெதுவெதுப்பு கூட இல்லாத அளவுக்கு ஆறிய பிறகு இரண்டு முட்டை, 225 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், பட்டைத் தூள். ஓவனில் 160 டிகிரி, எட்டு அங்குல டின் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் குத்தின குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

கேக் வேகும்போதே பக்கத்து அடுப்பில் ஆரஞ்சுத் தோல், பட்டை, நாலு கிராம்பு போட்டுத் தண்ணீரைச் சின்னத் தீயில் வையுங்கள், வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வருகிறவர்கள் "ஆ, என்ன வாசனை!" என்பார்கள். அலங்காரத்துக்கு நேரமே இல்லை என்றால் இந்த வாசனை ஒன்றே பாதி அலங்காரம். நான் உறுதியாகச் சொல்வேன்.

இரவுப்பணி:

@மூன்றாம் மாடி, உங்கள் தோழி கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அவரை விடாமல் கூப்பிட்டீர்களே, அது பெரிய விஷயம்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். வேலை முடிந்து நேராக வருகிறவர்களிடம் சமைத்து எடுத்துவரச் சொல்லாதீர்கள். வருகிற வழியில் வாங்கக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்: பழம், ஜூஸ், பேப்பர் தட்டு, டிஷ்யூ. எனக்கு அன்றைக்கு யாராவது ஒரு டிபன் செய்து கொண்டு வா என்றால் நான் வராமலே இருந்துவிடுவேன்.

நான் மருத்துவமனையில் வேலை. கிறிஸ்துமஸ் இரவு டியூட்டி விழுந்த எல்லாருக்குமாக, அன்று மாலைதான் பேசி முடிவு செய்து, ஓய்வறையில் ஒரு பார்ட்டி வைத்தோம். எல்லாரும் ஒன்றாக உட்காரவே முடியாது என்பது தெரிந்த விஷயம், அதனால் இரவு முழுக்க நிதானமாக ஓடுகிற மாதிரி யோசித்தோம், யாருக்குக் கால்மணி நேரம் கிடைக்கிறதோ அவர் வந்து உட்கார்ந்து போகலாம். இப்படி நீளமாக ஓடும் பார்ட்டியில் சாப்பாட்டை மொத்தமாக வெளியே பரப்பிவைக்காதீர்கள். கெட்டுப்போகக்கூடிய எதுவும், இறைச்சி, முட்டை, க்ரீம், சாதம், சமைத்த காய், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சின்னத் தட்டில் கொஞ்சமாக வைத்து, மீதி ஃபிரிட்ஜில், காலியானால் அடுத்த தட்டு. வீட்டுக்கும் இதே விதிதான்.

பரிசு வாங்க யாருக்கும் நேரமில்லை. ஆளுக்கொரு சீட்டு எடுத்து, வந்த பெயருக்கு ஒரு அட்டையில் நாலு வரி எழுத வேண்டும் என்று வைத்தோம். அவரிடம் இந்த வருஷம் நீங்கள் பார்த்த ஒரு நல்ல விஷயத்தை எழுத வேண்டும், "ஹேப்பி கிறிஸ்துமஸ்" மட்டும் எழுதினால் செல்லாது. எங்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தனக்கு வந்த அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, ஐடி கார்டு உறைக்குள் மடித்துச் செருகிக்கொண்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையே நேரமில்லாத ஒருவரால் வந்ததுதானே. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், தனக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத முடியாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்து அனுப்பினார். அச்சடித்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

குட்டீஸ் அம்மா:

குழந்தைகள் வருகிறார்கள் என்றால் பத்து நிமிஷத்தில் தயாராகும் இரண்டு விஷயம்.

ஒன்று, பேப்பர் தட்டு விளையாட்டு. ஆளுக்கொரு பேப்பர் தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, பார்க்காமல் கிறிஸ்துமஸ் மரம் வரைய வேண்டும். முதலில் மரம், அப்புறம் உச்சியில் நட்சத்திரம், அப்புறம் கீழே ஒரு பரிசுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். நட்சத்திரம் மரத்தின் மேல் வந்திருந்தால் ஒரு மார்க், பெட்டி தரையைத் தொட்டிருந்தால் ஒரு மார்க். தட்டைக் கீழே இறக்கும்போது தாத்தா பாட்டியிலிருந்து யுகேஜி வரை ஒரே சிரிப்பு. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் கூடினால் முதலில் இதை வையுங்கள், அதற்கப்புறம் பேச்சு தானாக ஓடும்.

இரண்டாவது, காகிதப் பனித்துகள். சீக்கிரம் வந்துவிட்ட பெரிய பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து உட்காரவைத்தால் ஜன்னல் அலங்காரம் அவர்கள் பொறுப்பு. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்து, அதன் நீண்ட விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று சம பாகமாக ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி மடியுங்கள், பிறகு பாதியாக இன்னொரு மடிப்பு. ஓரத்தில் வெட்டிப் பிரித்தால் ஆறு கை வரும். நிறையப் பேர் நாலாக மடித்து வெட்டுவதால் அது மேசைவிரிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையான பனித்துகளுக்கு ஆறு கைதான், தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கோத்துக்கொள்வதால். என் பெரியவள் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நாலு கைப் பனித்துகளைச் சுவரில் ஒட்டவே விடுவதில்லை.

முக்கியமான ஒன்று: ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் இருந்தால் முந்திரி, பாதாம், வேர்க்கடலையை முழுசாகக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே கொடுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கூப்பிடும்போதே யாருக்கு எது ஒவ்வாமை என்று கேட்டுவிடுங்கள், வந்த பிறகு கேட்டால் மாற்றுவதற்கு நேரம் இருக்காது.

பழைய பெட்டி:

அலங்காரப் பெட்டி பரணில் எங்கேயோ கிடக்கிறது, மரம் வாங்க நேரமில்லை, அதனால் பார்ட்டியே வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் சில வருஷங்களாக மரமே வைப்பதில்லை, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் மட்டும்தான். அதிலும் பொம்மைகள் முழுசாக இல்லை. காய்ந்த புல், ஒரு மரப்பெட்டி, ஒரு சின்ன விளக்கு.

1223-இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியைச் சேர்ந்த புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்ததும் வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவுதான். அதையும் கிறிஸ்துமஸுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்புதான் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத் தயார் செய்யச் சொன்னார். ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு வந்து கூடினார்கள். எனக்கு அந்தச் சம்பவம் மிகவும் பிடிக்கும். வருகிறவர்களிடம் குடிலுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொல்வேன், ஒரு கூழாங்கல், ஒரு இலை, ஒரு பொத்தான் என்று எதுவானாலும். ஒவ்வொருவரும் வைக்க வைக்க அது நிறைந்துவிடும்.

மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் திரைச்சீலை, காகிதத் தோரணம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு அடி தள்ளி வையுங்கள். குட்டீஸ் அம்மா சொன்ன காகிதப் பனித்துகள் ஒட்டிய ஜன்னல் பக்கம் மெழுகுவத்தியே வேண்டாம், பேட்டரி விளக்கு போதும்.

மூன்றாம் மாடி:

இரவுப்பணி சொன்னது ரொம்பச் சரி. வேலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதிவிடலாம். அந்த அட்டை விஷயத்தை இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் செய்யப் போகிறேன்.

ஐஸ் பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டார். பானங்கள் குளிரவே இல்லை, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றால் ஃப்ரீசரில் திணிக்காதீர்கள். பெரிய வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, ரெண்டு கைப்பிடி உப்பையும் கலந்து பாட்டில்களை முழுக விடுங்கள், கால்மணி இருபது நிமிஷத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் 0 டிகிரிக்கும் கீழே இறங்கும், காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாக இழுக்கும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை அங்கங்கேதான் தொடும். இந்த உப்புத் தண்ணீரை அப்புறம் யாரும் டம்ளரில் எடுத்துவிடாமல் குடிக்கிற ஐஸைத் தனிப் பாத்திரத்தில் வைத்துவிடுங்கள்.

மிச்சச் சாப்பாட்டுக்கு அழைப்பிலேயே "ஆளுக்கொரு காலி டப்பா" என்று சேர்த்துவிடுங்கள். கேக்கும் பிரெட்டும் அன்றைக்கே பிரிந்து போய்விடும். பாத்திரம் கழுவ மட்டும் விருந்தாளியை விடாதீர்கள், ஊறப்போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்துவிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.